கள்ளிக்கு எத்தனை வயது? டி.என்.ஏ. வழியே ஒரு நிகழ்வு ஆய்வு

கேக்டேசியே எனப்படும் கள்ளிக் குடும்பத்தில் ஏறத்தாழ 1,500 முதல் 1,800 இனங்கள் இருக்கின்றன. எந்த வகைப்பாட்டியலாளரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை கூடும், குறையும். ஒன்றே ஒன்றைத் தவிர அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை; வடக்கே கனடாவில் தொடங்கித் தெற்கே பட்டகோனியா வரை பரவிக் கிடக்கின்றன. இவ்வளவு பெரிய குடும்பத்தின் தோற்றத்தைச் சொல்ல, நம்பத்தகுந்த ஒரு பழைய புதைபடிவம்கூட நம்மிடம் இல்லை.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இலையோ தண்டோ கல்லில் பதிய வேண்டுமானால் சேறும் தேங்கிய நீரும் வேண்டும். வறண்ட சரிவில் நிற்கும் சதைப்பற்றுள்ள செடி செத்தால் வெயிலில் சுருங்கி, காற்றில் உதிர்ந்து, சில ஆண்டுகளில் காணாமல் போய்விடும். 1944-இல் ரால்ஃப் சானி, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கிடைத்த இயோசீன் காலத்துப் (சுமார் 5.6 கோடி முதல் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) படிவம் ஒன்றை 'இயோபன்ஷியா' என்ற பெயரில் கள்ளியின் மூதாதையாக அறிவித்தார். சப்பாத்திக்கள்ளியின் மடல்களைப் போலவே அது இருந்தது. பின்னர் அதை ஆராய்ந்தவர்கள் அது கள்ளியே அல்ல, கோரைக் குடும்பத்துச் செடியின் பகுதி என்ற முடிவுக்கு வந்தார்கள். ஐயமில்லாத கள்ளி எச்சங்கள் கிடைப்பது பேக்ராட் என்னும் பாலைவன எலிகளின் பழைய வளைகளில்தான். அந்த எலிகளின் சிறுநீர் உறைந்து கெட்டிப்பட்ட குவியல்களுக்குள் முட்களும் விதைகளும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அவை சில பத்தாயிரம் ஆண்டுகள் பழையவை மட்டுமே. பரிணாமக் கணக்கில் அது நேற்றைய செய்தி.

ஆகவே இந்த வழக்கில் கல்லின் சாட்சியம் கிடையாது. உயிரோடு இருக்கும் செடிகளின் செல்களுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வைத்தான் விசாரிக்க வேண்டும். அந்த விசாரணை கடந்த இருபது ஆண்டுகளில் எப்படி நடந்தது, அதில் எதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம், எதைத் தற்காலிக முடிவாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை. என் நிலைப்பாட்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: எது முன், எது பின் என்ற வரிசையைச் சொல்வதில் டி.என்.ஏ. கெட்டிக்கார சாட்சி, தேதி சொல்வதில் தடுமாறும் சாட்சி. செய்திகளில் இது தலைகீழாக வருகிறது. தேதிதான் தலைப்பாகிறது.

உருவத்தை நம்பிய காலம்

வறட்சி ஒரே மாதிரியான உடலைப் பல குடும்பங்களில் தனித்தனியாக உருவாக்கியிருக்கிறது. ஆப்பிரிக்காவின் தூண் போன்ற யூபோர்பியாக்களை மெக்சிகோவின் தூண் கள்ளிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால், பூக்காத பருவத்தில் பழகிய கண்ணும் ஏமாறும். நமக்குத் தெரிந்த சதுரக்கள்ளியும் யூபோர்பியாதான். கேக்டேசியேவுக்கும் அதற்கும் உறவு மிகத் தொலைவு. ஒன்று ஆமணக்கின் உறவு, மற்றது கீரைத்தண்டு, பருப்புக்கீரை போன்றவை அடங்கிய வரிசையைச் சேர்ந்தது. நிறமிகளே இதைக் காட்டிக்கொடுத்தன. பெரும்பாலான பூக்களுக்குச் சிவப்பும் ஊதாவும் தரும் ஆந்தோசயனின் கள்ளிகளில் இல்லை. பீட்ரூட்டில் இருக்கும் பீட்டலைன்தான் இருக்கிறது. டி.என்.ஏ. பின்னர் அந்த உறவை உறுதிசெய்து, பருப்புக்கீரையை உள்ளடக்கிய போர்ட்டுலாக்கா பேரினத்தையும் அனகாம்செரோஸ் வகைச் செடிகளையும் கள்ளிகளின் மிக நெருங்கிய சொந்தங்களாக அடையாளம் காட்டியது.

குடும்பத்துக்குள் யார் மூத்தவர் என்பதுதான் சிக்கலான கேள்வி. பெரெஸ்கியா என்ற பேரினத்தில் 17 இனங்கள் இருந்தன. பார்த்தால் யாரும் கள்ளி என்று சொல்ல மாட்டார்கள்: அகன்ற இலை, மரத்தண்டு, சாதாரணக் குறுமரத்தின் தோற்றம். முட்கள் கொத்தாக முளைக்கும் பஞ்சு போன்ற சிறு மேடுகள் தண்டில் இருப்பதால்தான் அவை கள்ளி எனத் தெரிகிறது. இலையுள்ள செடியிலிருந்து இலையற்ற செடி வந்திருக்க வேண்டும், ஆகவே பெரெஸ்கியாவே ஆதிக்கள்ளியின் மிச்சம் என்று தாவரவியலாளர்கள் கருதினார்கள். நியாயமான ஊகம்தான். ஆனால் முன்கூட்டியே முடிவை வைத்துக்கொண்டு அதற்கேற்ற சான்றைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் இதில் ஒளிந்திருக்கிறது. வறட்சிக்குப் பழகிய செடியின் வழித்தோன்றல் ஈரமான இடத்துக்குப் போய் மீண்டும் இலை வளர்த்திருக்க முடியாதா? உருவத்தை மட்டும் பார்த்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

வழவழப்பிலிருந்து டி.என்.ஏ.

ஆய்வுக்கூடத்தில் கள்ளி எவ்வளவு பிடிவாதம் பிடிக்கும் என்பது ஆய்வுக் கட்டுரைகளில் ஒரே வரியில் கடந்துபோகும் விஷயம். நீரைப் பிடித்துவைக்க இந்தச் செடி திசுக்களில் கோந்து போன்ற சர்க்கரைச் சங்கிலிகளை நிரப்பி வைத்திருக்கிறது. தண்டை நசுக்கி வழக்கமான கரைசலில் போட்டால் குழாயில் கிடைப்பது மூக்குச்சளி மாதிரி நூல் நூலாக இழுபடும் ஒரு திரவம். டி.என்.ஏ.வை வெளியே கொண்டுவர ஆல்கஹால் சேர்த்தால், கோந்தும் அதோடு சேர்ந்தே திரண்டு வீழ்கிறது. பார்வைக்கு நிறைய டி.என்.ஏ. கிடைத்துவிட்டது போல வெண்மையாக, கொழகொழவென்று இருக்கும். அதில் ஒரு துளியை எடுத்து, மரபணுப் பகுதியைப் பெருக்கும் பி.சி.ஆர். வினையில் விட்டால் நொதி வேலையே செய்யாது. அதனால் உப்பின் அளவைக் கூட்டிய கரைசல்களைப் பயன்படுத்துகிறார்கள், முதலில் கோந்தைத் தனியே கழுவி நீக்குகிறார்கள், அல்லது தண்டின் சதையை விட்டுவிட்டு மேல்தோலையோ பூவிதழையோ எடுக்கிறார்கள். செடியைத் தண்ணீர் இல்லாமல் வாழவைக்கும் அதே பொருள்தான் அதன் வரலாற்றைப் படிக்கவிடாமல் தடுக்கிறது.

தாவர செல்லில் டி.என்.ஏ. மூன்று இடங்களில் இருக்கிறது: உட்கரு, இழைமணி, பசுங்கணிகம். பசுங்கணிகத்தின் டி.என்.ஏ. ஒவ்வொரு செல்லிலும் ஏராளமான பிரதிகளாக இருப்பதால் எளிதில் கிடைக்கும். பெரும்பாலும் தாய்வழி மட்டுமே கடத்தப்படும். எனவே அது சொல்வது ஒருதலைக் கதை. கலப்பினம் நிகழ்ந்திருந்தால் தந்தைவழியை அது மறைத்துவிடும். பழைய ஆய்வுகள் பலவும் பசுங்கணிகத்தோடு நின்றுவிட்டன.

பெரெஸ்கியா இரண்டானது

2005-இல் எரிக்கா எட்வர்ட்ஸ், ரேட்டோ நைஃபெலர், மைக்கேல் டோனகியூ ஆகிய மூவரும் அமெரிக்கத் தாவரவியல் ஆய்விதழில் வெளியிட்ட ஆய்வு இந்த வழக்கின் திருப்புமுனை. அவர்கள் மூன்று இடங்களிலிருந்தும் ஐந்து டி.என்.ஏ. பகுதிகளை எடுத்து ஒப்பிட்டார்கள். அதிலிருந்து வரைந்த பரிணாம மரத்தில் பெரெஸ்கியா ஒரே கிளையாக வரவில்லை; இரண்டாகப் பிரிந்தது. பெரும்பாலும் கரீபியன் கடலைச் சுற்றி வாழும் எட்டு இனங்கள் ஒரு கிளை. அந்தக் கிளை ஒருபக்கம் நிற்க, மீதிக் கள்ளிகள் அனைத்தும் மறுபக்கம். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் பகுதியையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த மற்றப் பெரெஸ்கியாக்களோ, கரீபியன் பெரெஸ்கியாக்களை விடச் சப்பாத்திக்கள்ளிக்கும் தூண் கள்ளிக்கும் நெருங்கிய சொந்தமாக இருந்தன.

இதன் பொருள் பெரிது. இலையுள்ள கிளை ஒன்று மட்டும் அடியில் இருந்திருந்தால், 'அது பின்னாளில் இலையை மீட்டுக்கொண்டது' என்று வாதாட இடமிருந்தது. அடுத்தடுத்துப் பிரிந்த இரண்டு கிளைகளும் இலையுள்ள மரங்களாக இருக்கும்போது, இரண்டும் தனித்தனியே இலையை மீட்டுக்கொண்டன என்பதைவிட, பொது மூதாதையே இலையுள்ள மரம் என்பதுதான் எளிய விளக்கம். பழைய ஊகம் சரிதான் என்று தீர்ப்பு வந்தது, இம்முறை சான்றோடு.

எனக்கு இதைவிடப் பிடித்தது அடுத்த நுணுக்கம். கரீபியன் கிளையின் தண்டுகளில், காற்றும் நீராவியும் போய்வரும் நுண்துளைகளான இலைத்துளைகள் இல்லை. இளம் வயதிலேயே மரப்பட்டை மூடிவிடுகிறது. தெற்குக் கிளையில் பெரும்பாலும் தண்டின் தோலிலேயே துளைகள் இருக்கின்றன. பட்டை கட்டுவது தாமதமாகிறது. பட்டை வராத பச்சைத் தண்டு, அதில் துளை: தண்டே ஒளிச்சேர்க்கை செய்வதற்கான முதல் ஏற்பாடு இது. தண்டு பருப்பதற்கும் இலை மறைவதற்கும் வெகு முன்பே அந்த ஏற்பாடு நடந்துவிட்டது. 2006-இல் எட்வர்ட்ஸும் டோனகியூவும் இன்னொரு படி பின்னால் போனார்கள். இலையுள்ள பெரெஸ்கியாக்களின் நீர்ச்செலவை அளந்தபோது, அவையும் நீரை எண்ணிச் செலவிடும் கள்ளிப் பழக்கத்தையே கொண்டிருந்தன. ஆக வரிசை இப்படி அமைகிறது: முதலில் சிக்கனம், பிறகு தண்டில் துளை, கடைசியில்தான் பருத்த உடல். கள்ளியின் உருவம் வருவதற்கு முன்பே கள்ளியின் குணம் வந்துவிட்டது.

2013-இல் கரீபியன் கிளைக்கு லூயன்பெர்கேரியா என்ற தனிப் பேரினப் பெயர் சூட்டப்பட்டது. பெரெஸ்கியாவுக்கு வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்ட தாவரவியலாளர் பீட் லூயன்பெர்கரின் நினைவாக வைத்த பெயர்.

கடிகாரம் ஏன் தடுமாறுகிறது

இனி தேதிக்கு வருவோம். டி.என்.ஏ.வில் மாற்றங்கள் காலப்போக்கில் சேர்கின்றன. இரண்டு இனங்களுக்கு இடையே உள்ள வேறுபாடுகளை எண்ணி, மாற்றம் சேரும் வேகத்தால் வகுத்தால் அவை பிரிந்த காலம் கிடைக்கும். இந்தக் கணக்கைத்தான் மூலக்கூறு கடிகாரம் என்கிறார்கள். சொல்வது சுலபம். வேகத்தைத் தெரிந்துகொள்ள எங்காவது தேதி உறுதியான ஒரு புதைபடிவம் வேண்டும். கள்ளியிடம் அது இல்லை.

2011-இல் மோனிகா அராகாகியும் சகாக்களும் இந்த முட்டுக்கட்டையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கள்ளியையும் அதன் உறவினரையும் பூக்கும் தாவரங்களின் பெரிய பரிணாம மரத்துக்குள் வைத்து, ஏராளமான பசுங்கணிக மரபணுக்களை ஒப்பிட்டு, மற்றக் குடும்பங்களின் புதைபடிவங்களைக் கொண்டு கடிகாரத்தைத் திருத்தினார்கள். கிடைத்த விடை: கள்ளிகளின் பரம்பரை நெருங்கிய உறவினரிடமிருந்து பிரிந்தது சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆனால் இனங்கள் மிகுந்த பெருங்கிளைகள் தோன்றியது வெகு பின்னால், 1 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. அதே காலத்தில்தான் அமெரிக்கக் கண்டத்தின் அகேவ்களும் (ஆனைக்கற்றாழை வகைகள்) தென்னாப்பிரிக்காவின் 'ஐஸ் பிளான்ட்' எனப்படும் சதைச்செடிகளும் பெருகியிருக்கின்றன. ஒன்றுக்கொன்று உறவில்லாத குடும்பங்கள், வெவ்வேறு கண்டங்கள், ஏறத்தாழ ஒரே காலம். உலகளாவிய வறட்சியும் காற்றில் கரியமில வாயு குறைந்ததும் சேர்ந்து இதைத் தூண்டியிருக்கலாம் என்பது அவர்களின் விளக்கம்.

ஆக 'கள்ளி 3.5 கோடி ஆண்டுப் பழமையானது' என்று எழுதுவது அரை உண்மை. அப்போது பிரிந்தது ஒரு பரம்பரை. அது இலையுள்ள குறுமரமாக இருந்திருக்கவே வாய்ப்பு. பாலைநிலத்தில் நாம் காணும் கள்ளிக் கூட்டம் அதைவிட மிக இளையது.

இந்த எண்களையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2008-இல் ஸ்டீபன் ஸ்மித்தும் டோனகியூவும் 'சயின்ஸ்' இதழில் காட்டியது இது: மரங்களிலும் புதர்களிலும் டி.என்.ஏ. மாற்றம் மெதுவாகச் சேர்கிறது, சிறுசெடிகளில் வேகமாகச் சேர்கிறது. கள்ளிகளுக்கும் அவற்றின் உறவினருக்கும் இது நேரடியாகப் பொருந்தும். சில மாதங்களில் பூத்துக் காய்த்து மடியும் பருப்புக்கீரை ஒரு பக்கம். சுமார் 35 வயதில் முதல் பூ பூத்து 150 ஆண்டுகளைத் தாண்டி வாழும் சகுவாரோ என்னும் தூண் கள்ளி மறுபக்கம். இந்த இரண்டையும் ஒரே கடிகாரத்தால் அளக்கிறோம். வேகம் கிளைக்குக் கிளை மாறும் என்று ஏற்றுக்கொள்ளும் கணக்குமுறைகள் இருக்கின்றன, அராகாகி குழுவும் அவ்வகையைத்தான் பயன்படுத்தியது. இருந்தாலும் உள்ளிருந்து சரிபார்க்கப் புதைபடிவம் இல்லாதவரை, சில மில்லியன் ஆண்டுகள் இப்படியும் அப்படியும் நகரும் என்று எடுத்துக்கொள்வதே நேர்மை.

நகர்ந்தாலும் சில வழக்குகளை முடிக்க அது போதும். தொடக்கத்தில் சொன்ன அந்த ஒரே விதிவிலக்கு ரிப்சாலிஸ் பேக்சிஃபெரா. மரக்கிளைகளில் தொங்கும் இந்த மெல்லிய கள்ளி ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கை ஆகிய இடங்களிலும் இயல்பாக வளர்கிறது. தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் ஒட்டியிருந்த காலத்திலேயே கள்ளிகள் இருந்தன என்பதற்கு இதையே சான்றாகக் காட்டியவர்கள் உண்டு. அந்தக் கண்டங்கள் பிரிந்து சுமார் 10 கோடி ஆண்டுகள் ஆகின்றன. கடிகாரத்தில் எவ்வளவு பிழை வைத்தாலும் 3.5 கோடி 10 கோடியாகாது. ரிப்சாலிஸ் பின்னாளில் கடல் தாண்டியிருக்கிறது. அதன் சிறு கனிகளில் இருக்கும் விதைகள் பிசுபிசுப்பானவை என்பதால் பறவையின் மீதே பலரின் சந்தேகமும் விழுகிறது. கப்பலில் போன மனிதர்களையும் சிலர் சந்தேகிக்கிறார்கள். யார் கொண்டுபோனார்கள் என்பது தீரவில்லை. கண்டப் பிரிவுக் கதை மட்டும் தீர்ந்துவிட்டது.

சகுவாரோவின் சாட்சியம்

ஐந்து டி.என்.ஏ. பகுதிகளுக்குப் பதில் ஆயிரக்கணக்கான மரபணுக்களைப் படித்தால் குழப்பம் தீரும் என்று நினைப்போம். நடந்தது வேறு. 2017-இல், அமெரிக்க-மெக்சிகோ எல்லையை ஒட்டிய சொனோரன் பாலைவனத்தின் சகுவாரோவின் முழு மரபணுத்தொகுப்பு வெளியானது. அதோடு மூன்று தூண் கள்ளிகளையும் ஒப்பீட்டுக்கு ஒரு பெரெஸ்கியாவையும் ஓரளவு படித்து, 4,436 மரபணுக்களை வரிசைப்படுத்தினார்கள். எந்த முறையில் கணக்கிட்டாலும் இனங்களின் மரம் ஒன்றுதான் வந்தது. ஆனால் மரபணுக்களைத் தனித்தனியே கேட்டால், உறுதியாகப் பதில் சொன்ன மரபணு மரங்களில் 37 சதவீதம் அந்த மரத்தோடு முரண்பட்டன.

காரணம், மூதாதை ஒரு தனிச்செடி அல்ல, ஒரு பெரும் கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஒரே மரபணுவுக்கு இரண்டு மூன்று வடிவங்கள் உலவிக்கொண்டிருக்கும். இனங்கள் பிரியும்போது எந்த வடிவம் எந்த இனத்தில் நிலைக்கும் என்பது தற்செயல். அது தெளிவடையப் பல தலைமுறைகள் வேண்டும். தலைமுறை என்பதே பல பத்தாண்டுகளாக இருக்கும் செடியில், ஒரு பிரிவு தெளிவடைவதற்குள் அடுத்த பிரிவு வந்துவிடுகிறது. கடிகாரத்தைக் குழப்பிய அந்த நீண்ட ஆயுளே இங்கே மரத்தையும் குழப்புகிறது.

இதற்கு நடைமுறை விளைவு உண்டு. ஒரே பண்பு இரண்டு இனங்களில் இருந்து, அவை நெருங்கிய உறவில்லை என்றால், 'வறட்சி இருவரிடமும் தனித்தனியே இதை உருவாக்கியது' என்று எழுதுவது கள்ளி ஆய்வாளர்களின் வழக்கம். அந்த ஆய்வில், புரத அளவில் அப்படித் தனித்தனியே தோன்றியதாகத் தெரிந்த மாற்றங்களில் 58 சதவீதம் உண்மையில் அப்படித் தோன்றியவை அல்ல. மூதாதைக் கூட்டத்தில் ஏற்கெனவே இருந்த வடிவங்கள் தாறுமாறாகப் பங்கிடப்பட்டதன் விளைவு. கள்ளிகளின் ஒப்புமைகளைப் பற்றிய பழைய விளக்கங்கள் பலவற்றை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சகுவாரோவிடமிருந்து இன்னொரு விநோதமும் கிடைத்தது. பெரும்பாலான தாவரங்களில் பசுங்கணிக டி.என்.ஏ. 1,50,000 எழுத்துகளை ஒட்டியே இருக்கும். சகுவாரோவில் சுமார் 1,13,000தான். ஒளிச்சேர்க்கைக்குத் துணைபுரியும் என்.டி.எச். மரபணுத் தொகுப்பையே அது தொலைத்திருக்கிறது. கடும் வெயிலில் நிற்கும் செடி அதை ஏன் விட்டது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

பெருகியது ஏன்?

வறண்டது, அதனால் பெருகியது என்பது 2011-இல் அராகாகி குழு தந்த விளக்கத்தைச் சுருக்கிச் சொல்பவர்களின் வாசகம். 2014-இல் தானியா எர்னாந்தெஸ்-எர்னாந்தெஸும் சகாக்களும் அதை விரிவாக்கினார்கள்: உடல் வடிவத்தில் வந்த புதுமைகளும், தேனீயிலிருந்து பறவை, வௌவால், அந்துப்பூச்சி என்று மகரந்தத் தூதர்கள் மாறியதும் சில கிளைகளின் வேகமான பெருக்கத்தோடு சேர்ந்தே வருகின்றன. 2024-இல் ஜேமி தாம்சன் குழு விரிவான கள்ளி மரத்தோடு 39 காரணிகளை இயந்திரக் கற்றல் முறையில் பொருத்திப் பார்த்தது. ஐந்து காரணிகள் தேறின. அவற்றில் முன்னணியில் வந்தவை பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு, மண்ணில் மணலின் அளவு, செடியின் பருமன். காலநிலை, மண் காரணிகளில் பெருக்கத்துக்கு ஏற்றதாக வந்த அளவுகள் எல்லாம் நடுத்தரமானவை. உச்ச நிலைகள் அல்ல.

கள்ளிகளைப் பாலைவனத்தின் பிள்ளைகளாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது முரணாகத் தெரியலாம். மேலே சொன்ன வரிசையோடு வைத்துப் பார்த்தால் முரண் இல்லை. சிக்கனம் முன்பே இருந்தது, உடல் பிறகு வந்தது, இனங்கள் பெருகியது அதற்கும் பிறகு. கடும் வறட்சி கள்ளியை உருவாக்கவில்லை. வேறிடத்தில் தயாரான செடி கடும் வறட்சிக்குள்ளும் நுழைய முடிந்தது. இது என் வாசிப்பு. அந்த ஆய்வாளர்கள் இந்த அளவுக்குப் போகவில்லை.

மரத்தின் அடிப்பகுதியில் இரண்டு முடிச்சுகள் இன்னும் அவிழவில்லை. முதல் பிரிவின் ஒரு கை கரீபியனிலும் மறு கை ஆண்டீஸ் பக்கமும் இருப்பதால், ஆதிக்கள்ளி வடக்கில் தோன்றியதா தெற்கில் தோன்றியதா என்பதை மரத்தின் வடிவம் மட்டும் சொல்லிவிடாது. மற்றது பட்டகோனியாவில் மெத்தை போலப் படர்ந்து, சிறு இலைகளோடு குளிரில் வாழும் மைஹுவேனியா. இரண்டே இனங்கள் கொண்ட இந்தப் பேரினம் சப்பாத்திக்கள்ளிகளின் பக்கமா, தூண் கள்ளிகளின் பக்கமா என்று கேட்டால், எந்த மரபணுவைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. சகுவாரோவுக்குச் செய்தது போல மைஹுவேனியாவின் உட்கரு மரபணுக்களை ஆயிரக்கணக்கில் லூயன்பெர்கேரியாவோடும் பெரெஸ்கியாவோடும் ஒப்பிடும்போது, முரண்படும் மரபணுக்கள் எத்தனை சதவீதம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். மரத்தை அதற்குப் பிறகு வரையலாம்.